1.4 வைத்திருப்பவர் கையில் 2.0-இன் கையேடு: திறந்த மூல மென்பொருளின் ஆவணங்களைப் பதிப்புவாரியாகப் பராமரிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு சனிக்கிழமை காலை சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். உட்லண்ட்ஸிலிருந்து அழைப்பு வந்தது. வார இறுதிகளில் பிள்ளைகளுக்கு இலவசத் துணைப்பாடம் நடத்தும் தொண்டூழியர் குழு ஒன்றில் இருக்கும் தம்பி பேசினார்.

"அண்ணே, கையேட்டுல இருக்கிற மாதிரியேதான் செஞ்சேன். வருகைப் பட்டியல் மொத்தமும் காலி."

நானும் இரண்டு நண்பர்களும் ஓய்வு நேரத்தில் எழுதிய சின்னத் திறந்த மூலக் கருவி அது. மாணவர் பட்டியலை எக்செல் கோப்பிலிருந்து எடுத்து வாராந்திர வருகைத் தாளாக அச்சிட்டுத் தரும். அதில் 'ரீசெட்' என்று ஒரு கட்டளை. 1.4 பதிப்பில் அது எல்லாப் பதிவுகளையும் அழித்துவிடும். வரப்போகும் 2.0-இல் அந்த வாரத்தை மட்டும் அழிக்கும்படி மாற்றியிருந்தோம். நிரல் மெயின் கிளையில் (அடுத்த வெளியீட்டுக்கான வேலை நடக்கும் முதன்மைக் கிளை) சேர்ந்த அன்றே ஆவணமும் சேர்ந்தது. எங்கள் தளம் மெயின் கிளையில் இருப்பதை உடனுக்குடன் வெளியிடும். ஆனால் 2.0 வெளிவர இன்னும் ஏழு வாரம் இருந்தது. தம்பியிடம் இருந்தது 1.4, அவர் படித்தது 2.0-இன் கையேடு. அச்சிட்ட தாள்கள் ஒரு கோப்பில் இருந்ததால் தப்பித்தோம். இரண்டு நாள் மாலை உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி தட்டச்சு செய்தோம்.

தாம்சன்-ஈஸ்ட் கோஸ்ட் ரயில் பாதையின் ஒரு பகுதி 2022 நவம்பரில் திறந்தபோது, மவுண்ட் பிளசண்ட் நிலையத்தை ரயில் நிற்காமலே கடந்து போனது. நிலையம் பாதையில் இருக்கிறது, பயணிகளுக்கு இல்லை. மெயின் கிளையில் இருக்கும் நிரலும் அப்படித்தான். 'மவுண்ட் பிளசண்டில் இறங்கி வலது பக்கம் நடக்கவும்' என்று வழி சொல்லிக்கொண்டிருந்தது எங்கள் கையேடு.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு நாங்கள் மாற்றிக்கொண்டவை கீழே. கிட், மார்க்டவுன் ஆகியவற்றோடு ஓரளவு பழக்கம் இருந்தால் போதும்.

படி 1: பதிப்புப் பிரிப்பு தேவைதானா என்று பாருங்கள்

பல திட்டங்களுக்குத் தேவையே இல்லை. எல்லோரும் ஒரே இணையதளத்தைப் பயன்படுத்துகிறார்கள், நீங்கள் மாற்றினால் அனைவருக்கும் மாறிவிடும் என்றால் ஒரே ஆவணம் போதும். பதிப்பு வசதியை உள்ளேயே வைத்திருக்கும் டாக்குசாரஸ் என்ற ஆவணத் தளக் கருவியின் கையேடுகூட, பெரும்பாலும் இது தேவைப்படாது, பில்ட் (மூலக் கோப்புகளைத் தளமாக்கும் வேலை) நேரத்தையும் சிக்கலையும் கூட்டும் என்று எச்சரித்துவிட்டுத்தான் செய்முறையைச் சொல்லித் தருகிறது.

நான் பார்க்கும் முறை இது. உங்கள் பயனர்களில் மிகப் பழைய பதிப்பு யாரிடம் இருக்கிறது? அவராக உங்களை நினைத்துக்கொண்டு இன்றைய ஆவணத்தை வரிவரியாகப் படியுங்கள். 'இந்த வசதி என்னிடம் இல்லையே' என்ற அளவில் நின்றால், பக்கத்திலேயே '2.1 முதல்' என்று குறித்தால் போதும். பைத்தான் ஆவணங்களில் ஒவ்வொரு செயற்கூறின் அடியிலும் 'இந்தப் பதிப்பில் சேர்ந்தது', 'இந்தப் பதிப்பில் மாறியது' என்று வருவதைப் பார்த்திருப்பீர்கள். பைத்தான் ஆவணங்களுக்காகவே முதலில் உருவான ஸ்ஃபிங்ஸ் கருவியில் இதற்கென்றே தனிக் குறிகள் உண்டு. ஆனால் ஏதாவது ஒரு வரி அவருக்கு வேறு விளைவைத் தருமென்றால், எங்கள் ரீசெட் போல, பிரிக்கத்தான் வேண்டும்.

'எல்லோரும் புதுசுக்கு மாறிவிடுவார்கள்' என்று மட்டும் எண்ண வேண்டாம். டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் நிலையான வெளியீடு சுமார் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும். இன்னொரு லினக்ஸான உபுண்டுவின் நீண்டகால ஆதரவு வெளியீட்டுக்கு வழக்கமான ஆதரவே ஐந்து ஆண்டு. அவற்றின் தொகுப்புகளிலிருந்து நிறுவியவர்கள் அந்தக் காலம் முழுக்க ஏறக்குறைய அதே பதிப்பில்தான் இருப்பார்கள். அலுவலக மடிக்கணினியில் எதை நிறுவவும் ஐடி துறையின் அனுமதி வேண்டும் என்பதும் இங்கே வேலை செய்பவர்களுக்குத் தெரியும்.

படி 2: எந்த எண்ணுக்கு ஓர் ஆவணம் என்று முடிவு செய்யுங்கள்

செமாண்டிக் வெர்ஷனிங் முறையில் மூன்று எண்கள். முதல் எண் மாறினால் பழையதோடு ஒத்துப்போகாத மாற்றம், இரண்டாவது மாறினால் புதிய வசதி, மூன்றாவது மாறினால் பிழைதிருத்தம். ஆவணத்தை முதல் இரண்டு எண்களோடு நிறுத்துங்கள். 2.1.0, 2.1.1, 2.1.2 என்று தனித்தனியாக வைத்தால் ஒரே பக்கத்தின் மூன்று நகல்கள் தேடலில் வந்து நிற்கும். இணையச் செயலிகள் எழுத உதவும் ஜாங்கோ 5.2 என்ற அளவில்தான் வைக்கிறது. தரவுத்தள மென்பொருளான போஸ்ட்கிரெஸ் 2017-இல் 9.6-லிருந்து 10-க்குப் போனபோது எண்முறையையே எளிதாக்கிவிட்டதால், அதன் கையேடுகளுக்கு இப்போது ஒற்றை எண்தான்.

ஒரு சின்ன விஷயம். 1.10 என்பது 1.9-க்கு அடுத்தது. எழுத்து வரிசைப்படி அடுக்கும் ஸ்கிரிப்ட் அதை 1.2-க்கு முன்னால் கொண்டுபோய் வைக்கும். பதிப்புப் பட்டியலை நீங்களே தயாரிக்கிறீர்கள் என்றால் இதை முதலிலேயே சோதித்துவிடுங்கள்.

படி 3: கிளையா, அடைவா?

இரண்டு வழிகள் உண்டு, இரண்டிலும் தொல்லை உண்டு.

முதல் வழி டாக்குசாரஸ் செய்வது. பதிப்பு போடும் கட்டளையைக் கொடுத்தால் அப்போதைய ஆவணம் முழுவதையும் இன்னோர் அடைவுக்கு நகலெடுத்துவிடும். எல்லாப் பதிப்புகளும் ஒரே கிளையில், கண்ணெதிரே இருக்கும். கிட் அதிகம் தெரியாத தொண்டூழியர்கூடப் பழைய பக்கத்தைத் திறந்து திருத்தலாம். ஆனால் ஓர் எழுத்துப்பிழை ஐந்து இடத்தில் இருக்கும். தேடினால் ஐந்து விடை வரும், எதைத் திருத்த வேண்டும் என்ற குழப்பத்தில் தவறான நகலைத் திருத்திவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போவோம்.

இரண்டாவது வழி, ஆவணத்தை நிரலோடு ஒரே களஞ்சியத்தில் வைத்து, கிட் கிளைகளையே பதிப்புகளாகக் கொள்வது. ஆவணங்களை இணையத்தில் வெளியிட்டுத் தரும் ரீட் த டாக்ஸ் சேவை இப்படித்தான் வேலை செய்கிறது. ஆவணங்கள் பல களஞ்சியங்களில் சிதறியிருந்தால் அன்டோரா என்ற கருவி அவற்றின் கிளைகளையெல்லாம் திரட்டி ஒரே தளமாக்கித் தரும். எனக்குப் பிடித்தது இந்த இரண்டாவது வழிதான். நிரலில் இருக்கும் வசதியும் அதை விளக்கும் பக்கமும் ஒரே கமிட்டில் பயணம் செய்யும், ஒன்றை விட்டு ஒன்று முந்தாது.

அதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, ஆவணத்தை டேகிலிருந்து பில்ட் செய்யாதீர்கள், வெளியீட்டுக் கிளையிலிருந்து செய்யுங்கள். டேக் என்பது முத்திரை குத்திய கடிதம், அதற்குப் பிறகு ஒரு வரியையும் திருத்த முடியாது. '2.1.x' என்று ஒரு கிளை வைத்தால் மூன்று மாதம் கழித்துக் கண்டுபிடித்த தவறையும் 2.1-இன் ஆவணத்தில் திருத்தலாம்.

இரண்டாவது, பழைய கிளையை மீண்டும் பில்ட் செய்யும் நாள் வரும், அன்று அது உடையும். தீம் மாறியிருக்கும், ஸ்ஃபிங்ஸ் மாறியிருக்கும், பைத்தானே மாறியிருக்கும். ரீட் த டாக்ஸ் 2023 செப்டம்பரில் அமைப்புக் கோப்பைக் கட்டாயமாக்கியபோது, அந்தக் கோப்பு இல்லாத பழைய கிளைகள் பில்ட் ஆகாத நிலை வந்தது. ஆகவே ஒவ்வொரு கிளையிலும் எந்தக் கருவி, எந்த எண் என்பதைத் துல்லியமாகப் பூட்டி வையுங்கள்.

இந்தத் தலைவலியே வேண்டாம் என்றால் எம்கேடாக்ஸ் என்ற ஆவணத் தளக் கருவியும் அதன் துணைக்கருவி மைக்கும் இருக்கின்றன. மைக் பில்ட் ஆன எச்டிஎம்எல் பக்கங்களை, பதிப்புக்கு ஓர் அடைவாக, கிட்ஹப்பின் தள வசதியான கிட்ஹப் பேஜஸ் கிளையில் போட்டு வைக்கும். ஒருமுறை போட்டதை நீங்களாகக் கேட்டாலொழியத் தொடாது. பதிப்புப் பட்டியல் தனிக் கோப்பில் இருப்பதால் பழைய பக்கத்தின் மெனுவிலும் புதிய பதிப்புகள் தெரியும். நாங்கள் இப்போது பயன்படுத்துவது இதுதான், மெட்டீரியல் தீமோடு. ஒன்றை மட்டும் முன்கூட்டியே செய்துவிடுங்கள். 'நீங்கள் பார்ப்பது பழைய பதிப்பு' என்ற அறிவிப்புப் பட்டை தீமின் டெம்ப்ளேட்டில் எழுதப்படுவது. ஒரு பதிப்பை வெளியிடும்போதே அது உள்ளே இருக்க வேண்டும். பிறகு ஞாபகம் வந்தால் எல்லாப் பழைய பதிப்புகளையும் மறுபடி பில்ட் செய்ய வேண்டியிருக்கும். எங்களுக்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது.

படி 4: 'லேட்டஸ்ட்' என்ற சொல்லைத் தீர்த்துக்கொள்ளுங்கள்

ஒரே சொல்லுக்கு ஊருக்கொரு பொருள். ரீட் த டாக்ஸில் 'லேட்டஸ்ட்' என்றால் முதன்மைக் கிளையில் இன்று இருப்பது, அதாவது வெளிவராதது. வெளிவந்தவற்றில் புதியது 'ஸ்டேபிள்'. மைக் பயன்படுத்துபவர்கள் பலர் 'லேட்டஸ்ட்' என்று சொல்வது கடைசியாக வெளிவந்ததை. போஸ்ட்கிரெஸில் அது 'கரண்ட்'. டாக்குசாரஸில் வெளிவராததன் பெயர் 'நெக்ஸ்ட்'. ஒரு திட்டத்தில் பழகிவிட்டு இன்னொன்றுக்கு வருபவர் தடுமாறத்தான் செய்வார்.

தமிழில் பெயர் வைத்தாலும் சிக்கல் தீர்வதில்லை. 'சமீபத்திய' என்றால் இரண்டுக்கும் பொருந்தும். 'நிலையான' என்று வைத்தோம், 'இது மாறவே மாறாதா?' என்று ஒரு ஆசிரியை கேட்டார். இப்போது எங்கள் மெனுவில் '2.1 (இப்போதைய வெளியீடு)', 'அடுத்தது (இன்னும் வெளிவரவில்லை)' என்று இருக்கிறது. நீளம்தான், ஆனால் யாரும் அழைத்துக் கேட்பதில்லை.

எந்தப் பெயர் வைத்தாலும் தளத்தின் முகப்பு முகவரி வெளிவந்த பதிப்புக்கே போக வேண்டும். இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். ரீட் த டாக்ஸில் நீங்கள் மாற்றாத வரை முகப்பு 'லேட்டஸ்ட்'டுக்குத்தான் போகும். அமைப்புகளுக்குப் போய் இயல்புப் பதிப்பை 'ஸ்டேபிள்' என்று மாற்ற ஒரு நிமிடம் ஆகும். தம்பியின் பட்டியல் அழிந்தது, அப்போது அங்கே இருந்த நாங்கள் அந்த ஒரு நிமிட வேலையைச் செய்யாததால்தான்.

அடுத்தது தேடுபொறி. பெரும்பாலானோர் முகப்பு வழியாக வருவதில்லை, கூகுளில் தேடி நேராக உள்பக்கத்தில் குதிக்கிறார்கள். பல ஆண்டுகளாக இருப்பதாலும் பலர் இணைப்புக் கொடுத்திருப்பதாலும் பழைய பக்கமே முதலில் வரும். ஒவ்வொரு பழைய பக்கத்தின் தலைப்பகுதியிலும் 'கனானிக்கல்' (இதுவே முதன்மைப் பக்கம் என்று தேடுபொறிக்குச் சொல்லும்) இணைப்பாக இப்போதைய வெளியீட்டின் அதே பக்கத்தைக் கொடுங்கள். ஸ்ஃபிங்ஸ், மைக் இரண்டிலும் இதற்கு வழி உண்டு. பழையவற்றை ரோபாட்ஸ் கோப்பால் தடுக்கும் யோசனை தோன்றும். தடுத்தால் தேடுபொறி அந்தப் பக்கத்தைத் திறக்காது, நீங்கள் வைத்த கனானிக்கல் குறிப்பையும் படிக்காது.

பதிப்பு மாற்றும் மெனு, படித்துக்கொண்டிருக்கும் அதே பக்கத்தின் மற்றப் பதிப்புக்கே கொண்டுபோக வேண்டும். அந்தப் பதிப்பில் அப்படியொரு பக்கம் இல்லையென்றால் அதன் முகப்புக்கு. '404' காட்டினால் வாசகர் திரும்பி வரமாட்டார்.

படி 5: திருத்தங்களைப் பின்னோக்கி எடுத்துச் செல்லுங்கள்

பதிப்பு ஆவணம் வைத்திருக்கும் திட்டங்களில் பெரும்பாலானவை சோர்ந்துபோவது இங்கேதான். கிளை பிரிப்பது ஒரு நாள் வேலை. பிரித்த கிளைகளைச் சரியாக வைத்திருப்பது தினசரி வேலை.

ஆவணத் திருத்தம் முதலில் மெயினில் சேர வேண்டும், அப்புறம் செர்ரி-பிக் செய்து (அந்தக் கமிட்டை மட்டும் எடுத்து) பழைய கிளைகளுக்குப் போக வேண்டும். வரிசையை மாற்றி 2.1.x கிளையில் மட்டும் திருத்தினால், 2.2 வரும் நாளில் அதே தவறு மறுபடி முளைக்கும். ஜாங்கோ திட்டத்தில் பழைய கிளைக்குப் போகும் கமிட்டின் தலைப்பிலேயே அந்தக் கிளையின் பெயர் சதுர அடைப்புக்குள் இருக்கும், உள்ளே மெயினின் எந்தக் கமிட்டிலிருந்து வந்தது என்ற குறிப்பும் இருக்கும். பைத்தான் திட்டத்தில் புல் ரிக்வெஸ்டுக்கு 'இந்தப் பதிப்புக்குப் பேக்போர்ட் தேவை' என்று லேபிள் போட்டால் ஒரு பாட் (தானியங்கி நிரல்) மீதியைப் பார்த்துக்கொள்ளும். மூன்று பேர் திட்டத்துக்கு பாட் தேவையில்லை, லேபிள் போதும்.

எதை எவ்வளவு தூரம் கொண்டுபோவது? தரவு அழியும் ஆபத்து, பாதுகாப்புக் குறை ஆகியவை பற்றிய திருத்தம் ஆதரவில் இருக்கும் எல்லாக் கிளைகளுக்கும் போக வேண்டும், அன்றைக்கே. தவறான கட்டளை, தவறான கோப்புப் பெயர் போன்றவை இப்போதைய வெளியீட்டுக்கும் அதற்கு முந்தையதற்கும். எழுத்துப்பிழை இப்போதைய வெளியீட்டோடு நிற்கலாம். 1.4-இல் ஒரு சந்திப்பிழை இருந்துவிட்டுப் போகட்டும்.

இதைத் தவிர்க்க ஒரே பக்கத்துக்குள் 'பதிப்பு 1.4 என்றால் இந்தப் பத்தி, 2.1 என்றால் அந்தப் பத்தி' என்று நிபந்தனை போட்டு எழுதிப் பார்த்தோம். இரண்டு மாதத்தில் அந்தக் கோப்பை எங்களாலேயே படிக்க முடியவில்லை. பதிப்பு எண்ணை மட்டும் மாறியாக வைத்து நிறுவும் கட்டளைகளில் பயன்படுத்துங்கள், அதற்கு மேல் போகாதீர்கள்.

வெளியீட்டு நாளன்று எங்கள் வரிசை இது: கிளையைப் பிரிப்போம், மெயினின் எண்ணை அடுத்ததாக மாற்றுவோம், புதிய ஆவணத்தை அதன் எண் முகவரியில் ஏற்றுவோம், தொகுப்பை வெளியிடுவோம், அது இறங்குகிறதா என்று வேறொரு கணினியில் பார்ப்போம். அதற்குப் பிறகே முகப்பைப் புதிய எண்ணுக்குத் திருப்புவோம். இந்தக் கடைசி வேலை தொகுப்பு வெளியீட்டுக்கு முந்திவிட்டால், சில மணி நேரத்துக்காவது யாராலும் நிறுவ முடியாத ஒன்றின் கையேடு முகப்பில் நிற்கும்.

படி 6: தமிழ் மொழிபெயர்ப்பும் வேண்டுமென்றால்

சிங்கப்பூரில் அதிகாரத்துவ மொழி நான்கு. ஆர்வத்தில் நான்கிலும் ஆவணம் தரலாம் என்று தோன்றும். மூன்று பதிப்பு, நான்கு மொழி, பன்னிரண்டு ஆவணத் தொகுப்பு. வேண்டாம். இப்போதைய வெளியீட்டை மட்டும் மொழிபெயருங்கள்.

பத்தி பத்தியாக மொழிபெயர்க்கும் கெட்டெக்ஸ்ட் முறையே இதற்கு உகந்தது, ஸ்ஃபிங்ஸில் அது உள்ளேயே உண்டு. மூலப் பத்தி மாறாதவரை பழைய மொழிபெயர்ப்பு அடுத்த பதிப்புக்கும் அப்படியே வரும். மாறிய பத்தி 'ஃபஸ்ஸி' என்று குறிக்கப்பட்டு, சரிபார்க்கும் வரை ஆங்கிலத்திலேயே தெரியும். தமிழில் ஒரு தவறான கட்டளை இருப்பதைவிட ஆங்கிலத்தில் ஒரு சரியான கட்டளை இருப்பது மேல். இதில் என் நண்பர் ஒருவருக்கு இன்னும் உடன்பாடில்லை. மெனுச் சொற்களுக்கு ஒரு பட்டியல் வைத்து, மென்பொருளில் 'கோப்புறை' என்று இருந்தால் கையேட்டிலும் அதையே எழுதுங்கள். பாதியில் 'அடைவு' ஆக்காதீர்கள்.

இணையத் தமிழுக்கு இந்த ஊரோடு நெருங்கிய தொடர்பு உண்டு. சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி இங்கிருந்துதான் இணையத்தில் தமிழுக்கு வழி அமைத்தார். தமிழ் இணைய மாநாடு 1997-இல் இங்கே நடந்தது, உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றமான உத்தமம் அமைப்பு 2000-இல் இங்கே உருவானது. அந்தக் காலத்துப் பக்கங்களில் எழுத்துருவுக்கு ஒரு குறியாக்கம். சேமித்து வைத்த பழைய பக்கம் எதையாவது இன்று திறந்தால் லத்தீன் எழுத்துகளும் குறிகளுமாகக் கொட்டும். 'இந்த எழுத்துருவில் படிக்கவும்' என்று அடியில் ஒரு வரி எழுதியவர்களின் பக்கங்களை இன்றும் யூனிகோடுக்கு மாற்றிப் படிக்கலாம். எழுதாதவர்களின் பக்கங்களில் ஊகித்து ஊகித்துத்தான் பார்க்க வேண்டும். எங்கள் ஆவணத்தின் ஒவ்வொரு பக்கத் தலையிலும் 'இது 2.1-க்கு உரியது' என்று இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

படி 7: பழையதற்கு விடைகொடுங்கள், அழிக்காதீர்கள்

எத்தனை பதிப்புக்கு ஆதரவு என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள். பல கணினிகளில் செயலிகளை ஓட்டி நிர்வகிக்கும் குபெர்நெட்டீஸ் மென்பொருளின் ஆவணத் தளம் இப்போதைய பதிப்பையும் அதற்கு முந்தைய நான்கையும் காட்டும். போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் ஐந்து ஆண்டு ஆதரவு தந்துவிட்டு, பிறகு அதன் கையேட்டை 'ஆதரவற்றவை' என்ற வரிசைக்கு மாற்றும். பக்கம் அங்கேயே இருக்கும். எங்களுக்கு இரண்டு வெளியீடும் வெளிவராத ஒன்றும் போதும்.

ஆதரவு முடிந்த பதிப்பை மெனுவிலிருந்து எடுங்கள், முகவரியை உயிரோடு வையுங்கள். ரீட் த டாக்ஸில் 'மறைக்கப்பட்டது' என்று குறித்தால் பட்டியலில் வராது, நேரடி இணைப்பு வேலை செய்யும். மேலே ஓர் அறிவிப்பும் வேண்டும். ஜாங்கோ தன் பழைய பக்கங்களில் 'இது பாதுகாப்பற்ற, ஆதரவு முடிந்த பதிப்பு, புதியதற்கு மாறுங்கள்' என்று நேரடியாகவே சொல்கிறது. 'சற்றுப் பழையதாக இருக்கலாம்' என்று மழுப்பினால் யாரும் மாறமாட்டார்கள்.

படி 8: மென்பொருளே தன் கையேட்டைக் காட்டட்டும்

ஜாங்கோவில் புதுத் திட்டம் தொடங்கினால் உருவாகும் அமைப்புக் கோப்பைத் திறந்து பாருங்கள். அதில் இருக்கும் ஆவண இணைப்புகளில் நீங்கள் நிறுவிய பதிப்பின் எண் இருக்கும். எளிய யோசனை, எங்களுக்குத் தோன்றவில்லை, அவர்களைப் பார்த்துச் செய்தோம். உதவித் திரை, பிழைச் செய்தி என்று எங்கிருந்து ஆவணத்துக்கு இணைப்புக் கொடுத்தாலும், ஓடிக்கொண்டிருக்கும் பதிப்பின் எண்ணை முகவரியில் சேர்த்துக் கொடுங்கள். ஆவணம் சரியாக அமைந்திருந்தால் இது நான்கு வரி நிரல்.

உட்லண்ட்ஸ் தம்பி போன மாதம் மறுபடி அழைத்தார். இன்னும் 1.4-இல்தான் இருக்கிறார், அந்த மடிக்கணினியில் புதியது ஏறவில்லையாம். "ரீசெட் போடலாமா அண்ணே? பக்கத்துல சிவப்பா ஒரு பட்டை இருக்கு, எல்லாத்தையும் அழிச்சிடும்னு போட்டிருக்கு." போடாதே என்றேன்.